வெளிநாட்டில் கார் ஓட்டப் போகிறவர்களுக்கு

வெளிநாட்டுக்கு விடுமுறையில் போகும் ஒருவர் அங்கே சொந்தமாகக் கார் ஓட்ட வேண்டுமானால் மூன்று விஷயங்கள் சரியாக இருக்க வேண்டும்: அந்த நாடு ஏற்றுக்கொள்ளும் உரிமம், வண்டியையும் ஓட்டுபவரையும் சேர்த்துக் காக்கும் இன்சூரன்ஸ், அந்த நாட்டுச் சாலை விதிகளில் பழக்கம். முதல் இரண்டையும் புறப்படுவதற்கு முன்பே ஊரில் முடித்துவிடலாம். மூன்றாவதுதான் சிரமம்.

சேலம், நாமக்கல் வட்டாரத்தில் வண்டி ஓட்டிப் பழகியவர்களிடம் ஓட்டும் திறமைக்குக் குறைவில்லை. நாமக்கல் கேஸ் டேங்கர்களும் சங்ககிரி லாரிகளும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளும் இரவு பகலாக ஓடும் சாலைகள் இவை. எதிரே வருகிறவர் என்ன செய்யப்போகிறார் என்பதை அவர் வண்டியின் போக்கிலிருந்தே கணித்து ஓட்டுவது இங்கே எல்லாருக்கும் பழகிப்போன ஒன்று. சைடு கேட்பது, சைடு கொடுப்பது, லைட் அடிப்பது, ஹாரன் அடிப்பது எனச் சாலையில் ஒரு பேச்சுவார்த்தை நடந்துகொண்டே இருக்கும். பல வெளிநாடுகளில் இந்தப் பேச்சுவார்த்தைக்கு இடமில்லை. வழி யாருக்கு என்பதைக் கோடும் பலகையும் விளக்கும் முன்பே தீர்மானித்து வைத்திருக்கும். ஆகவே அங்கே போகிறவருக்குப் புதிதாகக் கற்க வேண்டியதைவிட, சில பழக்கங்களை ஊரிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான் அதிகம்.

சர்வதேச ஓட்டுநர் அனுமதி

தமிழ்நாட்டில் வாங்கிய ஓட்டுநர் உரிமம் வெளிநாட்டில் தானாகச் செல்லாது. ஒவ்வொரு நாடும் தனக்கென ஒரு விதி வைத்திருக்கிறது. பல நாடுகளில் கேட்கப்படுவது சர்வதேச ஓட்டுநர் அனுமதி. இதற்கு அடிப்படை 1949-இல் ஜெனீவாவில் உருவான சாலைப் போக்குவரத்து உடன்படிக்கை. இந்தியா அதில் கையெழுத்திட்ட நாடு. இந்த அனுமதி தனி உரிமம் அல்ல. நம் உரிமத்தில் உள்ள விவரங்களைப் பிற நாட்டு அதிகாரிகள் புரிந்துகொள்ளும்படி எடுத்துச் சொல்லும் ஒரு சிறு புத்தகம். அசல் உரிமம் கூடவே இல்லாவிட்டால் இது செல்லாது. இதை வைத்து இந்தியாவுக்குள் ஓட்டவும் முடியாது.

இதை வழங்குவது வட்டாரப் போக்குவரத்து அலுவலகம். சேலம் மேற்கு, சேலம் கிழக்கு, சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு என எந்த ஆர்.டி.ஓ. ஆபீஸின் எல்லைக்குள் ஒருவர் குடியிருக்கிறாரோ அங்கே அவர் விண்ணப்பிக்க வேண்டும். மத்திய அரசின் சாரதி இணையதளத்தில் படிவம் 4ஏ-வை நிரப்பி, உரிமம், பாஸ்போர்ட் ஆகியவற்றின் நகல்களைப் பதிவேற்றி, 1,000 ரூபாய் கட்டணம் செலுத்த வேண்டும். முன்பு விசாவும் மருத்துவச் சான்றும் கட்டாயமாக இருந்தன. போய் இறங்கிய பிறகே விசா தரும் நாடுகள் பல இருப்பதால், 2021 ஜனவரியில் வந்த திருத்தம் அந்த இரண்டு நிபந்தனைகளையும் நீக்கியது. வெளிநாட்டில் இருக்கும்போது அனுமதி காலாவதியாகிவிட்டால், அங்குள்ள இந்தியத் தூதரகம் மூலம் புதியது பெறவும் அதே திருத்தம் வழி செய்தது. 2022 ஆகஸ்டில் நாடு முழுவதற்கும் ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே அமைப்பு என்று வகுக்கப்பட்டு, உரிமத்தோடு இணைக்கும் கியூஆர் குறியீடும் சேர்க்கப்பட்டது.

அனுமதி ஓராண்டுக்குச் செல்லும். நம் உரிமம் அதற்கு முன்பே முடிகிறதென்றால் அந்தத் தேதி வரைதான். பயணத்துக்கு ஓரிரு மாதம் முன்பே உரிமத்தின் கடைசித் தேதியைப் பார்த்து, தேவையானால் முதலில் அதைப் புதுப்பித்துக்கொள்வது நல்லது. இணையத்தில் 'மூன்றாண்டு', 'ஐந்தாண்டு' சர்வதேச லைசென்ஸ் என்று விற்கப்படுபவை எந்த அரசும் வழங்காதவை. வாடகைக் கார் கவுன்டரிலும் போலீஸிடமும் அவற்றுக்கு மதிப்பில்லை.

விண்ணப்பிக்கும்போதே பார்க்க வேண்டிய ஒன்று பெயர். தமிழர்களின் உரிமங்களில் பெயரும் இனிஷியலும் இருக்கும். பாஸ்போர்ட்டில் அந்த இனிஷியல் விரிந்து அப்பாவின் முழுப்பெயராகக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். கிரெடிட் கார்டில் வேறொரு வரிசையில் அச்சாகியிருக்கும். வாடகைக் கார் கவுன்டரில் இருப்பவருக்கு இனிஷியல் வைக்கும் வழக்கம் தெரியாது. அவருக்கு மூன்றும் மூன்று ஆட்கள். உரிமத்தில் உள்ள பெயரை பாஸ்போர்ட்டில் இருப்பதுபோல் திருத்திவிட்டு, அதன் பிறகு அனுமதிக்கு விண்ணப்பித்தால் இந்தத் தொல்லை இல்லை.

அனுமதியில் உள்ள வாகனப் பிரிவையும் கவனிக்க வேண்டும். கார் ஓட்டுவோருக்கு உரியது 'பி' பிரிவு. அது 3,500 கிலோ எடை வரை, ஓட்டுநரைத் தவிர எட்டு இருக்கைக்கு மிகாத வண்டிகளுக்குத்தான் பொருந்தும். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து போகும்போது, பன்னிரண்டு பேர் உட்காரும் வேனை எடுத்துக் காரைப் போல ஓட்டலாம் என்று நினைத்தால் சட்டப்படி அது உரிமம் இல்லாமல் ஓட்டுவது. ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்க நினைப்பவரின் உரிமத்தில் இருசக்கர வாகனப் பிரிவும் இருக்க வேண்டும்.

எந்த நாட்டில் எது செல்லும்

ஜப்பான் இந்தியர்களிடம் கேட்பது 1949 உடன்படிக்கைப்படியான அனுமதிதான். நம்முடையது அங்கே செல்லும். பிரிட்டனில் சுற்றுலாப் பயணி தன் இந்திய உரிமத்தை வைத்தே 12 மாதம் வரை கார் ஓட்டலாம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் மூன்று மாதத்துக்குக் குறைவாகத் தங்குபவருக்கு ஊர் உரிமமே போதும். அதற்கு மேல் தங்கினால் சர்வதேச அனுமதி வேண்டும். டொரன்டோவில் மகன் வீட்டில் ஆறு மாதம் தங்கப் போகும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். கலிஃபோர்னியா சர்வதேச அனுமதியை ஓர் உரிமமாகவே கருதுவதில்லை. அங்கே அசல் உரிமம்தான் பேசும்.

சிங்கப்பூர், மலேசியா, துபாய் போன்ற இடங்களுக்கு அசல் உரிமத்தோடு சர்வதேச அனுமதியும் கையில் இருப்பது நல்லது. ஆனால் வேலைக்காக வளைகுடாவுக்குப் போய் அங்கேயே குடியிருப்பவருக்கு இது உதவாது. இந்த அனுமதி வந்துபோகும் பயணிக்கு மட்டுமே. குடியிருப்பு விசா கிடைத்ததும் அந்த நாட்டு உரிமம் எடுத்தாக வேண்டும். லாரி ஓட்டப் போகிறவருக்கும் இதே விதிதான்.

செல்லாத நாடுகளும் உண்டு. சீனா சர்வதேச அனுமதியை ஏற்பதில்லை. வியட்நாம் 1968-இல் வியன்னாவில் உருவான இன்னொரு உடன்படிக்கைப்படியான அனுமதியைத்தான் ஏற்கிறது. நம்மிடம் இருப்பது 1949-ஆம் ஆண்டுடையது. அண்மைக் காலத்தில் இந்தியப் பயணிகள் அதிகம் போகும் நாடு வியட்நாம் என்பதாலும், அங்கே ஸ்கூட்டர் சுலபமாக வாடகைக்குக் கிடைப்பதாலும் இதைத் தெரிந்து வைத்திருப்பது அவசியம். கடைக்காரர் சாவியைக் கொடுத்துவிடுவார். விபத்து நடந்தால் உரிமம் செல்லாது என்று இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரித்துவிடும்.

இலங்கையில் நம் சர்வதேச அனுமதியை நேரடியாகப் பயன்படுத்த முடியாது. கொழும்பில் உள்ள இலங்கை ஆட்டோமொபைல் சங்கத்தில் அதற்கு ஒப்புதல் பெற வேண்டும்; அல்லது மோட்டார் போக்குவரத்துத் துறையிடம் தற்காலிக உரிமம் வாங்க வேண்டும். கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே இந்தத் தற்காலிக உரிமத்தைத் தரும் கவுன்டர் 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. இடப்பக்கம் ஓட்டுவது, தமிழிலும் எழுதிய பலகைகள், நமக்குப் பழகிய வகைக் கார்கள் என எல்லாம் இருப்பதால், முதல்முறை வெளிநாட்டில் ஓட்டுபவருக்கு இலங்கை வசதியான இடம். ஆனால் தனியார் பஸ்களின் வேகத்துக்கு வழிவிட்டு ஓட்டும் பொறுமை வேண்டும்.

நேபாளத்துக்கும் பூட்டானுக்கும் சொந்தக் காரிலேயே போகலாம். நேபாள எல்லையில் பன்சார் எனப்படும் சுங்கச் சீட்டு எடுத்துக்கொண்டு இந்திய உரிமம், ஆர்.சி. புத்தகத்துடன் ஓட்டலாம். இங்கே மறந்துபோவது இன்சூரன்ஸ். நம் மோட்டார் பாலிசி இந்திய எல்லையோடு நின்றுவிடும். நேபாளம், பூட்டான், வங்கதேசம், இலங்கை, மாலத்தீவு, பாகிஸ்தான் ஆகிய நாடுகளுக்கு அதை நீட்டித்துக்கொள்ளத் தனிப் பிரிவு உண்டு. கூடுதல் பிரீமியம் கட்டி, புறப்படும் முன்பே அதைப் பாலிசியில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

வாடகைக் கார்

வெளிநாட்டில் வாடகைக் கார் எடுக்கும்போது முன்பணம் பெரும்பாலும் கிரெடிட் கார்டில்தான் பிடித்து வைக்கப்படும். அந்தக் கார்டு ஓட்டப்போகிறவரின் பெயரிலேயே இருக்க வேண்டும். டெபிட் கார்டைப் பல நிறுவனங்கள் ஏற்பதில்லை. வயது 21 ஆகியிருக்க வேண்டும் என்பது பல இடங்களில் உள்ள விதி. 25-க்குக் கீழ் இருந்தால் கூடுதல் கட்டணமும் உண்டு. உரிமம் எடுத்து ஓராண்டாவது ஆகியிருக்க வேண்டும் என்றும் கேட்பார்கள். காரை ஒருவருக்கு மேல் ஓட்டுவதானால் ஒவ்வொருவர் பெயரும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். பெயர் இல்லாதவர் ஓட்டும்போது விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கிடைக்காது.

இன்சூரன்ஸ் என்று கவுன்டரில் சொல்லப்படுவது பல அடுக்கு கொண்டது. அடிப்படை வாடகையில் பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பு பெரும்பாலும் சேர்ந்திருக்கும். வாடகைக் காருக்கே சேதம் வந்தால் ஒரு குறிப்பிட்ட தொகை வரை எடுத்தவர்தான் கட்ட வேண்டும். அந்தத் தொகை எவ்வளவு என்பதை ஒப்பந்தத்தில் படித்துவிட்டுத்தான் கூடுதல் காப்பு எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டும். டயர், முன்கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் ஆகியவை பல பாலிசிகளில் சேராது.

மகன், மகள் வீட்டுக் காரை எடுத்து ஓட்டுகிறவர்களும் இதே கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும். நம் ஊரில் வண்டிக்கு இன்சூரன்ஸ் இருந்தால், உரிமம் உள்ள யார் ஓட்டினாலும் பொதுவாகச் செல்லும். பிரிட்டனில் பெரும்பாலான பாலிசிகள் அதில் பெயர் எழுதப்பட்டவரை மட்டுமே காக்கும். 'அப்பா, கடைக்குத்தானே, நீங்களே எடுத்துட்டுப் போங்க' என்று மகன் சாவியைக் கொடுத்தால், பாலிசியில் அப்பாவின் பெயர் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று கேட்பது அப்பாவின் கடமை.

காரை எடுத்ததும் கிளப்பிவிடக் கூடாது. நான்கு பக்கமும், சக்கரங்களையும், கூரையையும், உள்ளே எரிபொருள் முள்ளையும் கிலோமீட்டர் எண்ணையும் வீடியோ எடுத்துக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே உள்ள கீறல்கள் ஒப்பந்தத் தாளில் குறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். சாத்தியமானால் ஆட்டோமேட்டிக் வண்டி கேட்பது நல்லது, வலப்பக்கம் ஓட்டும் நாடுகளில் குறிப்பாக. அங்கே ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும். கியரை வலது கையால் மாற்ற வேண்டும். பழகாத கை கியரைத் தேடி, கதவைப் போய்த் தட்டும்.

இண்டிகேட்டரும் ஏமாற்றும். இங்குள்ள மாருதி, ஹூண்டாய் போன்ற கார்களில் இண்டிகேட்டர் ஸ்டியரிங்கின் வலப்பக்கக் கம்பியிலும் வைப்பர் இடப்பக்கக் கம்பியிலும் இருக்கும். ஐரோப்பியக் கார்களில் இது மாறியிருக்கும். திரும்பும் இடத்தில் இண்டிகேட்டர் போடப்போனால், வெயிலில் வைப்பர் ஓடும். பின்னால் வருபவருக்குச் சைகையே போயிருக்காது. நிறுத்துமிடத்தை விட்டு வெளியே வருவதற்கு முன், பத்து நிமிடம் உட்கார்ந்து எல்லாக் கம்பிகளையும் பொத்தான்களையும் இயக்கிப் பார்த்துவிட வேண்டும்.

பெட்ரோலும் சொந்தமாகவே போட வேண்டியிருக்கும். பிரிட்டனில் பச்சைக் கைப்பிடி பெட்ரோல், கறுப்புக் கைப்பிடி டீசல். அமெரிக்காவில் பச்சைக் கைப்பிடி பெரும்பாலும் டீசல். நிறத்தை நம்பாமல் எழுத்தைப் படித்துவிட்டுப் போட வேண்டும். தவறான எரிபொருள் போட்டுவிட்டால் வண்டியைக் கிளப்பவே கூடாது. நிறுவனத்தைக் கூப்பிட வேண்டும். இந்தச் செலவை எந்தக் காப்பும் ஏற்பது அரிது.

இடமா, வலமா

பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜப்பான், தாய்லாந்து, மலேசியா, சிங்கப்பூர், இலங்கை, தென்னாப்பிரிக்கா ஆகியவை நம்மைப் போல் இடப்பக்கம் ஓட்டுபவை. ஐரோப்பாவின் பெரும்பகுதி, அமெரிக்கா, கனடா, வளைகுடா நாடுகள், வியட்நாம் ஆகியவை வலப்பக்கம் ஓட்டுபவை. ஒரு நாடு முழுதுமே பக்கம் மாறியதும் உண்டு. சுவீடன் 1967 செப்டம்பர் 3 அன்று இடத்திலிருந்து வலத்துக்கு மாறியது. பர்மா 1970-இல் மாறியது. ஸ்டியரிங் வலப்பக்கம் உள்ள பழைய கார்கள் அதன் பிறகும் அங்கே ஓடின.

வலப்பக்கம் ஓட்டும்போது ஆபத்து நெரிசலான சாலையில் வருவதில்லை. முன்னே போகும் வண்டியைப் பின்தொடர்ந்தாலே போதும். காலியான சாலையில்தான் பழைய பழக்கம் தலைகாட்டும்: விடிகாலையில் ஓட்டலிலிருந்து கிளம்பும்போது, பெட்ரோல் பங்கிலிருந்து வெளியே வரும்போது, ஒருவழிச் சாலையிலிருந்து இருவழிச் சாலைக்குத் திரும்பும்போது. ஒரு விதியை மனத்தில் வைத்துக்கொண்டால் குழப்பமில்லை. எந்த நாடானாலும் ஓட்டுநர் உட்காரும் பக்கம் சாலையின் நடுக்கோட்டை ஒட்டியே இருக்கும். நம் தோள் சாலை ஓரத்தை ஒட்டியிருந்தால் வண்டி தவறான பக்கத்தில் போகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் ஒவ்வொரு திருப்பத்திலும் 'வலது பக்கம்' என்று சொல்லிக்கொண்டே வருவதும் நல்ல ஏற்பாடு.

ரவுண்டானாவின் விதி எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான்: உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவருக்கே வழி. இடப்பக்க நாடுகளில் வலமிருந்து வருபவருக்காகவும், வலப்பக்க நாடுகளில் இடமிருந்து வருபவருக்காகவும் நிற்க வேண்டும். நம் ஊரில் முதலில் மூக்கை நுழைத்தவருக்கு வழி கிடைக்கும். அங்கே அப்படி நுழைந்தால் உள்ளே சுற்றுபவர் வேகத்தைக் குறைக்காமலே வருவார். நாம் நிற்போம் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்காது.

விட்டுவிட்டுப் போக வேண்டிய பழக்கங்கள்

முதலாவது ஹாரன். நம் லாரிகளின் பின்புறமே ஹாரன் அடிக்கச் சொல்லி எழுதியிருக்கும். சேலம் பைபாஸில் ஹாரன் இல்லாமல் ஓட்டுவதை நினைத்துப் பார்ப்பதே கடினம். மேலை நாடுகளில் அது ஆபத்தை எச்சரிக்க மட்டுமே. பிரிட்டனில் வண்டி நிற்கும்போது ஹாரன் அடிக்கக் கூடாது. குடியிருப்புப் பகுதிகளில் இரவு 11.30 முதல் காலை 7 மணி வரை ஓடும்போதும் கூடாது.

இரண்டாவது விளக்கு. எதிரே வருபவர் லைட் அடித்தால் நம் ஊரில் 'நான் வருகிறேன், நீ நில்' என்று பொருள். பிரிட்டனில் பலர் அதையே 'நீங்கள் போங்கள்' என்ற பொருளில் அடிப்பார்கள். ஒரே சைகைக்கு இரு நாட்டில் நேர் எதிரான பொருள் இருப்பதால், அதை அடிக்கவும் கூடாது, அடிப்பதை நம்பி நகரவும் கூடாது. நேராகப் போகிறோம் என்று காட்ட நான்கு இண்டிகேட்டரையும் ஒன்றாகப் போடும் பழக்கமும் இங்கே பரவலாக உண்டு. வெளிநாட்டில் அது வண்டி பழுதாகி நிற்பதன் அல்லது முன்னே ஆபத்து இருப்பதன் அடையாளம். லாரிக்காரர் இண்டிகேட்டர் போட்டோ கிளீனர் கையை ஆட்டியோ பின்னால் வருபவருக்குச் சேதி சொல்வதுபோல் அங்கே யாரும் சொல்வதில்லை. அங்கே இண்டிகேட்டர் போட்ட வண்டி திரும்பும், அவ்வளவுதான்.

மூன்றாவது லேன். நம் நான்குவழிச் சாலையில் பாரம் ஏற்றிய லாரி வலது ஓரத்திலேயே போகும். கார்கள் இடப்பக்கமாக நுழைந்து முந்தும். ஜெர்மனியின் ஆட்டோபானில் தவறான பக்கமாக முந்துவது குற்றம். முந்துவதற்கான லேனில் நுழைந்து, முந்தி, உடனே ஓரத்து லேனுக்குத் திரும்பிவிட வேண்டும். வலப்பக்க நாடுகளில் வேக லேன் இடப்பக்கம் இருக்கும் என்பதும் நினைவில் நிற்க வேண்டும்.

நான்காவது நடப்பவர். பிரிட்டனில் 2022 ஜனவரியில் மாறிய விதிப்படி, வரிக்குதிரைக் கோட்டைக் கடக்கக் காத்து நிற்பவருக்கே கார் வழிவிட வேண்டும். அமெரிக்காவில் ஸ்டாப் பலகையில் சக்கரம் முழுதாக நின்றாக வேண்டும், சாலையில் வேறு யாரும் இல்லாவிட்டாலும். நான்கு பக்கமும் ஸ்டாப் பலகை இருந்தால் முதலில் வந்தவர் முதலில் போவார். மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்து சிவப்பு விளக்கு எரிய நின்றால், நடுவில் தடுப்பு இல்லாத சாலையில் எதிர்ப்பக்கம் வருபவரும் நிற்க வேண்டும். சிவப்பு விளக்கில் நின்றுவிட்டு வலப்பக்கம் திரும்பலாம் என்ற அமெரிக்கச் சலுகை நியூயார்க் நகருக்குள் கிடையாது.

மலைச்சாலையில் மட்டும் நம் வட்டாரத்துப் பழக்கம் கைகொடுக்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஏற்காட்டின் 20 வளைவுகளிலும் ஓட்டியவருக்கு, ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது தெரிந்திருக்கும். ஆல்ப்ஸ் மலையிலும் அதுவே முறை. ஏறிய கியரிலேயே இறங்குவது, பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் எஞ்சினைக் கொண்டு வேகத்தைப் பிடிப்பது ஆகியவையும் அங்கே அப்படியே பொருந்தும். சுவிட்சர்லாந்தின் மலைச்சாலைகளில் மஞ்சள் நிற அஞ்சல் பஸ்ஸுக்கு முன்னுரிமை. குறுகிய வளைவில் அதன் ஓட்டுநர் பின்னே போகச் சொன்னால் போக வேண்டும். பனி விழும் காலம் மட்டும் வேறு. கனடாவின் கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம். டயர் சரியாக இருந்தாலும், பனியில் வண்டி வழுக்குவதை அறியாதவர் அந்த மாதங்களில் ஓட்டாமல் இருப்பதே நல்லது.

வேகம், மது, குழந்தைகள்

பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வேகப் பலகைகள் மைலில் இருக்கும். பிரிட்டன் மோட்டார்வேயில் காருக்கு உச்ச வேகம் 70 மைல். அதாவது ஏறக்குறைய 112 கிலோமீட்டர். துபாயில் பலகையில் உள்ள வேகத்துக்கு மேல் 20 கிலோமீட்டர் வரை கேமரா விட்டுவிடும் என்ற பேச்சை நம்பி அபுதாபிக்குள் நுழைந்தால் அபராதம் வரும். அங்கே அந்தச் சலுகையை 2018-இலேயே எடுத்துவிட்டார்கள்.

இந்தியாவில் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் மதுவுக்கு மேல் இருந்தால் குற்றம். இங்கிலாந்தில் அந்த எல்லை 80, ஸ்காட்லாந்திலும் ஐரோப்பாவின் பல நாடுகளிலும் 50. ஐக்கிய அரபு அமீரகத்தில் துளியும் கூடாது. நாட்டுக்கு நாடு கணக்குப் போடுவதைவிட, ஓட்டும் நாளில் குடிக்காமல் இருப்பதே எளிது.

குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்காருவது வெளிநாட்டில் உடனே பிடிபடும். பிரிட்டனில் 12 வயது அல்லது 135 சென்டிமீட்டர் உயரம், இவற்றில் எது முதலில் வருகிறதோ அதுவரை குழந்தைக்குரிய இருக்கை வேண்டும். ஜெர்மனியில் அந்த உயரம் 150 சென்டிமீட்டர். பின்சீட்டில் இருப்பவரும் பெல்ட் போட வேண்டும். குழந்தை இருக்கையைக் காரோடு சேர்த்தே முன்பதிவு செய்துவிட வேண்டும்.

சுங்கமும் அபராதமும்

நம் பாஸ்டேக்கைப் போல வெளிநாட்டிலும் சுங்கம் தானாகப் பிடிக்கப்படும். ஆனால் பல இடங்களில் சாவடியே இருக்காது. துபாயின் சாலிக் வளைவுக்கு அடியில் போனாலே சாதாரண நேரத்தில் 4 திர்ஹமும் நெரிசல் நேரத்தில் 6 திர்ஹமும் கணக்கில் ஏறும். சுவிட்சர்லாந்தின் நெடுஞ்சாலைகளில் ஓட்ட 40 பிராங்க் மதிப்புள்ள ஆண்டு வில்லை வேண்டும். ஒருநாள் ஓட்டினாலும் அதே தொகைதான். இத்தாலியின் பிளாரன்ஸ், ரோம் போன்ற நகரங்களின் பழைய பகுதிகளுக்குள் அனுமதி இல்லாத கார் நுழையக் கூடாது. தடுப்பு எதுவும் இருக்காது, பலகையும் கேமராவும்தான். வழிகாட்டும் செயலியை நம்பி உள்ளே போனவருக்கு ஒவ்வொரு நுழைவுக்கும் தனித்தனி அபராதம் வரும்.

சிங்கப்பூரில் கார் எடுத்து ஜொகூர் பாருவுக்குப் போக நினைப்பவர் முதலில் நிறுவனத்தின் அனுமதி பெற வேண்டும். சிங்கப்பூர் வண்டி எல்லையைத் தாண்டும்போது டேங்கில் முக்கால் பங்கு எரிபொருள் இருந்தாக வேண்டும். மலேசியாவுக்குள் நுழையும் வண்டிக்கு வாகன நுழைவு அனுமதி வேண்டும்; 2025 ஜூலை முதல் அது இல்லாத வண்டிக்கு அபராதம் விதிக்கப்படுகிறது. மானிய விலை ஆர்.ஓ.என். 95 பெட்ரோலை வெளிநாட்டுப் பதிவெண் வண்டிக்குப் போடுவதும் அங்கே குற்றம்.

அபராதத்தைப் போலீஸ்காரர் வழிமறித்து வாங்குவது அரிது. கேமரா எடுத்த படம் வாடகை நிறுவனத்துக்குப் போகும். நிறுவனம் ஓட்டியவரின் விவரத்தைக் கொடுத்துவிட்டு, அதற்கென ஒரு சேவைக் கட்டணத்தையும் கிரெடிட் கார்டில் எடுத்துக்கொள்ளும். நிறுத்தும் போலீஸ்காரரிடம் பணம் நீட்டுவதைக் கனவிலும் நினைக்கக் கூடாது. பல நாடுகளில் அது அபராதத்தோடு முடியாது, சிறைக்குப் போக வேண்டியிருக்கும்.

விபத்து நேர்ந்தால்

வண்டியைப் பாதுகாப்பாக நிறுத்தி, நான்கு இண்டிகேட்டரையும் போட்டு, பிரதிபலிக்கும் மேல்சட்டை அணிந்து இறங்க வேண்டும். பிரான்ஸ் போன்ற நாடுகளில் அந்தச் சட்டையும் எச்சரிக்கை முக்கோணமும் காரில் இருப்பது சட்டப்படி கட்டாயம். ஐரோப்பாவில் அவசர எண் 112, அமெரிக்காவிலும் கனடாவிலும் 911, ஆஸ்திரேலியாவில் 000. மலேசியாவில் 999. சிங்கப்பூரிலும் அமீரகத்திலும் போலீஸுக்கு 999. ஆம்புலன்ஸுக்குச் சிங்கப்பூரில் 995, அமீரகத்தில் 998. நம் ஊர்போல் நடுரோட்டில் நின்று யார் மீது தப்பு என்று பேசித் தீர்த்துக்கொள்வதும், கையில் பணம் கொடுத்து முடித்துக்கொள்வதும் அங்கே வேண்டாத வேலை. படங்கள் எடுத்து, எதிர்த்தரப்பின் பெயர், பதிவெண், இன்சூரன்ஸ் விவரம் வாங்கிக்கொண்டு, போலீஸ் அறிக்கைக்கும் நிறுவனத்துக்குச் சொல்வதற்கும் ஏற்பாடு செய்ய வேண்டும். போலீஸ் அறிக்கை இல்லாமல் அமீரகத்தில் பழுதுபார்க்கும் பட்டறையே வண்டியைத் தொடாது.

இத்தனை விதிகளும் தூக்கக் கலக்கத்தில் நினைவுக்கு வராது. இரவு முழுக்க விமானத்தில் வந்தவர் இறங்கியவுடன் ஸ்டியரிங் பிடிக்காமல், முதல் நாள் டாக்ஸியிலோ ரயிலிலோ ஓட்டலுக்குப் போய்த் தூங்கி எழுந்து, மறுநாள் காலை நகருக்கு வெளியே உள்ள கிளையில் காரை எடுப்பது பாதுகாப்பானது.

காரைத் திருப்பிக் கொடுக்கும்போது, டேங்கை நிரப்பிய ரசீதையும் வண்டியின் நிலையைக் காட்டும் வீடியோவையும் எடுத்து வைத்துக்கொண்டு, பணியாளர் பார்த்துச் சரி என்று எழுதித் தரும் தாளையும் வாங்க வேண்டும். அபராதமும் சுங்கமும் சில மாதம் கழித்தும் வரலாம் என்பதால், கிரெடிட் கார்டுக் கணக்கைக் கவனித்து வர வேண்டும். அதுவரை ஒப்பந்தத் தாளைக் கிழித்துப் போடக் கூடாது. வலப்பக்கம் ஓட்டிப் பழகித் திரும்பியவருக்கு ஊரில் முதல் நாளும் எச்சரிக்கை தேவை. திருச்சியில் இறங்கி முசிறி வழியாக நாமக்கல்லுக்கு இரவோடு இரவாகக் கிளம்புவதானால், அந்த ஒரு பயணத்துக்கு ஸ்டியரிங்கை வேறொருவரிடம் கொடுத்துவிடுவது நல்லது.